ஈட்டி வீரர் யொன்னி மியூரா

பின்லாந்து என்னும் வடபுலத்துச் சிறு நாட்டின் விளையாட்டுப் புகழைப் பேசப் புகுவோர் பாவோ நூர்மி என்னும் ஓட்ட வீரரின் பெயரோடு தொடங்கி, அப்பெயரோடேயே முடித்துவிடுவது வழக்கம். கையிற் கடிகாரம் ஏந்தி, தமக்குத் தாமே போட்டியாளராய் ஓடிய அப்பெருவீரரின் கதையை எமது மாணவரும் ஓரளவு அறிந்திருத்தல் கூடும். நூர்மி ஓடிய அதே காலத்தில், அதே நாட்டிற் பிறந்து, அதே மைதானங்களில் ஈட்டி எறிந்து, அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் விழாக்களிற் பொற்பதக்கம் பெற்ற மற்றொருவர் இருந்தார். யொன்னி மியூரா என்பது அவர் பெயர். இரண்டாவது பதக்கத்தைப் பெற்ற பின்னர் அவர் தம் நாட்டுக்குத் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதையும், திரும்பாமையால் அவர் இழந்தவை எவை என்பதையும் இக்கட்டுரையில் யாம் கூறப் புகுந்தோம். பெரியோர் வாழ்க்கை வரலாறுகளை மாசு துடைத்தே எழுதும் மரபு ஒன்று எம்மிடையே உண்டு. அம்மரபு ஈண்டுக் கைக்கொள்ளப்படவில்லை.

மியூரா பிறந்தது 1892ஆம் ஆண்டு யூலை மாதம் 13ஆம் நாள். பின்லாந்தின் தென்கிழக்கே, ஏரிகளும் காடுகளும் செறிந்த சவித்தைப்பலே என்னும் ஊர் அவர் பிறந்த இடம். அந்நாளிற் பின்லாந்து தனி நாடன்று. 1809ஆம் ஆண்டு முதல் உருசியச் சக்கரவர்த்தியின் குடைக்கீழ் அது இருந்து வந்தது. மியூரா என்னும் குடிப்பெயருக்கு அந்நாட்டு மொழியிலே மண்ணைக் குடைந்து வளையில் வாழும் ஒரு சிறு விலங்கு என்பது பொருள். வானிற் பொருளை எறிந்து புகழ் பெற்ற ஒருவருக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கையே.

ஈட்டி என்ற அளவில் எமக்கெல்லாம் போர்க்களமே நினைவுக்கு வரும். ஆயினும் எறியும் ஈட்டி விளையாட்டுக் கருவியாகிப் பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. பண்டைக் கிரேக்கர் தம் ஒலிம்பிய விழாவில் ஐந்து போட்டிகளை ஒன்றாய் இணைத்து நடத்தியபோது ஈட்டி எறிதல் அவற்றுள் ஒன்றாய் இருந்தது. இக்காலத்தில் அதற்குப் புத்துயிர் அளித்தோர் சுவீடன், பின்லாந்து முதலாய வடநாட்டாரே. மியூராவின் காலத்து ஈட்டி மரத்தாலானது. முனையில் உலோகக் கூர் பொருத்தப்பட்டிருக்கும். நடுவிற் கைப்பிடிக்கென நூற்கயிறு சுற்றப்பட்டிருக்கும். நீளம் 2.60 மீற்றர், அதாவது எட்டரை அடி. நிறை 800 கிராம். இன்று மரத்தின் இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டதேனும் ஆடவர் ஈட்டியின் நிறை இன்றும் அதுவே.

எறிபவன் ஓடிவந்து, ஓட்டத்தின் வேகத்தைக் காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும் படிப்படியாக ஏற்றி, இறுதியில் விரல் நுனி வழியே ஈட்டிக்குக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் கோட்டுக்கு இப்பாலே நின்றுவிடுதல் வேண்டும். கோட்டைத் தாண்டினால் எறிதல் செல்லாது. ஈட்டி தன் கூர்முனையால் முதலில் நிலத்தைத் தொடுதல் வேண்டும். வால் முந்தினாலும் செல்லாது. கைவலிமை மிக்கவனே இதில் வெல்வான் என எண்ணுவோர் உளர். எமது மைதானத்தில் ஒரு பிற்பகல் நின்று பார்த்தால் அவ்வெண்ணம் அகன்றுவிடும். பெருந்தோளர் எறிந்த ஈட்டி அருகில் விழ, மெலிந்த பையன் ஒருவன் எறிந்தது அப்பாற் போய்க் குத்தி நிற்பதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். எல்லாம் காலமறிந்து கையை விடுதலிலே தங்கியுள்ளது.

மியூரா இளைஞராய் இருந்தபோது இக்கலையில் முடிசூடா மன்னராய் விளங்கியவர் சுவீடன் நாட்டு எரிக் லெம்மிங். ஏதென்சில் 1906ஆம் ஆண்டு நடந்த விழாவிலும், 1908இல் இலண்டனிலும், 1912இல் ஸ்ரொக்கோமிலும் வென்றவர் அவரே. இலண்டனில் அவர் எறிந்த தூரம் 55 மீற்றரையும் எட்டவில்லை. நான்கு ஆண்டுகளின் பின் ஸ்ரொக்கோமில் அவர் 60.64 மீற்றர் எறிந்தார். கலை எத்துணை விரைவாய் வளர்ந்தது என்பதற்கு இவ்விரு தொகைகளே சான்று.

அந்த 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் விழாவிற்றான் மியூராவை ஒலிம்பிக் மைதானம் முதன்முதலாகக் கண்டது. இருபது வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. எட்டாம் இடமே அவருக்குக் கிடைத்தது. லெம்மிங்குக்கு அடுத்ததாக 58.66 மீற்றர் எறிந்து இரண்டாம் இடத்தைப் பெற்றவர் யூலியுஸ் சாரிஸ்தோ என்னும் பின்லாந்தியர்.

இவ்விழாவில் இன்று வழக்கொழிந்துபோன போட்டியொன்றும் நடைபெற்றது. வலக்கையால் எறிந்த மிகச் சிறந்த தூரத்தையும், இடக்கையால் எறிந்த மிகச் சிறந்த தூரத்தையும் ஒன்றாகக் கூட்டி, கூட்டுத்தொகை மிகுந்தவருக்குப் பரிசளிப்பது அப்போட்டி. சாரிஸ்தோ 109.42 மீற்றருடன் அதில் முதல்வரானார். இரண்டாம் மூன்றாம் இடங்களும் பின்லாந்தியர்க்கே உரியவாயின. சாரிஸ்தோ வலக்கையால் எறிந்த ஈட்டி 61.00 மீற்றரில் விழுந்தது. லெம்மிங் தனிப்போட்டியில் எறிந்ததினும் இது மிகுதி. இரண்டாமவராய் வந்த வைனோ சீக்கநியெமி ஒரு கவிஞருமாவார். மொழி கற்பித்து வாழும் எமக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை வாசகர் பொறுத்துக்கொள்வாராக. இரு கைகளையும் சமமாய்ப் பயிற்றும் இப்போட்டி மறைந்துபோனமை எமக்கு வருத்தமே. உடலின் ஒருபுறத்தை மட்டும் வளர்க்கும் குறை அதனால் நீங்கியிருக்கும்.

ஸ்ரொக்கோமிற் பின்லாந்தியர் தனிக்குழுவாகவே பங்குபற்றினர். எனினும் அவர்கள் வென்றபொழுதெல்லாம் கொடிமரத்தில் ஏறியது உருசியக் கொடியே. ஓட்டத்தில் மூன்று பொற்பதக்கம் பெற்ற ஹன்னெஸ் கொலேமைனனும் அக்கொடியையே பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. இளைஞராகிய மியூரா இவற்றையெல்லாம் கண்டுகொண்டு ஊர் திரும்பினார்.

பின்வந்த ஆண்டுகளில் அவர் கை ஓங்கியது. 1914ஆம் ஆண்டில் 63 மீற்றரையும், 1915ஆம் ஆண்டில் 64 மீற்றரையும் கடந்து எறிந்தார். அன்று உலகிற் பதிவாகியிருந்த மிகச் சிறந்த தூரம் லெம்மிங் 1912 செப்டெம்பர் மாதம் எறிந்த 62.32 மீற்றர். மியூரா அதனைத் தாண்டிவிட்டார். ஆயினும் அனைத்துலக மெய்வல்லுநர் சங்கத்தின் ஏட்டில் அவ்வெறிதல்கள் இடம்பெறவில்லை. மியூராவின் வாழ்வில் இது முதலாவது இழப்பு. அளவு நாடா கண்டதை ஏடு காணாமற்போன நிகழ்ச்சி அவருக்குப் பின்னரும் ஒருமுறை நேர இருந்தது.

இரண்டாவது இழப்பு அதனினும் பெரியது. 1916ஆம் ஆண்டு பேர்லின் நகரில் நடத்தத் தீர்மானிக்கப்பட்டிருந்த ஒலிம்பிக் விழா உலகப்போர் காரணமாக நடைபெறவேயில்லை. அவ்வாண்டு மியூராவுக்கு வயது இருபத்து நான்கு. உலகில் அவரிலும் தொலைவாக எறியக்கூடியவர் எவருமில்லை என்று சொல்லத்தக்க நிலையில் இருந்த ஒருவருக்கு, எறிவதற்குக் களம் இல்லாமற் போயிற்று. விளையாட்டு வீரனுக்கு இளமை என்பது வங்கியிலிட்ட பணமன்று, வேண்டியபோது எடுத்துக்கொள்வதற்கு. 1917ஆம் ஆண்டு உருசியாவிற் புரட்சி மூண்டது. டிசெம்பர் 6ஆம் நாள் பின்லாந்து தன் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. மறு ஆண்டின் முற்பகுதியில் அந்நாட்டவர் தம்முள்ளேயே இரு கூறாய்ப் பிரிந்து போரிட்டனர். சில மாதங்களே நீடித்த அவ்வுள்நாட்டுப் போரிலும் அதன் பின்விளைவாய்ச் சிறைமுகாம்களிலும் மாண்டவர் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். போர் நடந்த நாட்டில் விளையாட்டு மைதானங்களும் அவற்றில் ஆடிய இளைஞரும் என்ன பாடுபடுவர் என்பதை எமது வாசகர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்தபின், 1919 ஓகஸ்ட் 25ஆம் நாள், எட்டாம் இடம் பெற்று மீண்ட அதே ஸ்ரொக்கோம் நகரில் மியூரா மீண்டும் ஈட்டியைக் கையில் எடுத்தார். அன்று அவர் எறிந்த தூரம் 66.10 மீற்றர். அடிக்கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 217 அடி. இம்முறை ஏடும் அதை ஏற்றுக்கொண்டது. ஏழு ஆண்டுகளாய் ஏட்டில் நின்ற லெம்மிங்கின் சாதனை ஒரே எறியில் 3.78 மீற்றரால் முறியடிக்கப்பட்டது. சாதனைகள் அங்குலக் கணக்கில் முன்னேறும் இயல்புடையன. ஒரே தடவையிற் பன்னிரண்டு அடி தாண்டுவது எளிதில் நிகழ்வதன்று. இடையிலே அவர் எறிந்தவை ஏட்டில் ஏறாமையே இப்பெரும் இடைவெளிக்குக் காரணம் என்பதை முன்னர்ச் சொன்னவற்றால் வாசகர் உணர்வர்.

இக்கால மாணவர் இத்தொகையைக் கேட்டு முகஞ் சுழித்தல் கூடும். செக் நாட்டு யான் செலெஸ்னி 1996ஆம் ஆண்டு 98.48 மீற்றர் எறிந்து உலக சாதனை நிலைநாட்டியதை அவர்கள் அறிவர். கிழக்கு ஜேர்மனியின் ஊவே ஹோன் 1984இல் 104.80 மீற்றர் எறிய, மைதானத்துக்கே ஈட்டி பெரிதாகிவிட்டது என்று அஞ்சி, 1986ஆம் ஆண்டு முதல் அதன் புவியீர்ப்பு மையத்தை முன்னோக்கித் தள்ளி, விரைவில் முனை கவிழ்ந்து விழுமாறு மாற்றியமைத்தனர். இவ்வளவும் உண்மையே. ஆனால் மியூராவின் கையில் இருந்தது மரத்தடி. ஓடியது இன்றைய செயற்கைத் தளத்திலன்று, மழை பெய்தாற் சேறாகும் மண்ணில். ஒரு வீரனை அவன் காலத்தில் வைத்தே அளத்தல் வேண்டும். அந்நாளில் உலகில் எவரும் 66 மீற்றரை எறிந்து ஏட்டிற் பதிந்ததில்லை. பின்னும் ஐந்தாண்டுகளுக்கு அதனை எவரும் முறியடிக்கவும் இல்லை.

1920ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா பெல்ஜிய நாட்டின் அன்ற்வேர்ப் நகரில் நடைபெற்றது. நான்காண்டுப் போரில் நைந்துபோன நாடு அது. ஐந்து வளையக் கொடி ஒலிம்பிக் மைதானத்தில் முதன்முதலாகப் பறந்ததும், வீரர் உறுதிமொழி முதன்முதலாக எடுக்கப்பட்டதும் இவ்விழாவிலேயே. பின்லாந்து சுதந்திர நாடாகத் தன் வெண்கொடியை, நீலச் சிலுவை பொறித்த கொடியை, ஏந்திச் சென்ற முதல் ஒலிம்பிக் விழாவும் இதுவே.

ஈட்டி எறிதலில் மியூரா 65.78 மீற்றர் எறிந்து முதல்வரானார். அது புதிய ஒலிம்பிக் சாதனை. அதனை முறியடிக்க எட்டாண்டுகள் சென்றன. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் விழாவிற்றான் சுவீடன் வீரர் ஒருவர் 66.60 மீற்றர் எறிந்து அதனைக் கடந்தார். அன்ற்வேர்ப்பில் இன்னொரு விந்தையும் நிகழ்ந்தது. இரண்டாம் இடம் பெற்றவர் ஊர்ஹோ பெல்தொனன், மூன்றாமவர் பாவோ யொஹான்சன், நான்காமவர் எட்டாண்டுகளுக்கு முன் மியூரா இளைஞராய் அண்ணாந்து பார்த்த அதே யூலியுஸ் சாரிஸ்தோ. நால்வரும் பின்லாந்தியர். நால்வரும் லெம்மிங் 1912இல் வென்ற தூரத்தைத் தாண்டி எறிந்தவர்கள். முதல் நான்கு இடங்களையும் ஒரே நாடு கைப்பற்றியபோது, எட்டாண்டுகளுக்கு முன் தமக்கெனக் கொடியில்லாமல் நின்றவர்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எழுத்தில் வடிப்பது எமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் அமெரிக்கா பெற்ற பொற்பதக்கங்கள் ஒன்பது, பின்லாந்து பெற்றவையும் ஒன்பது. முப்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டிய மக்களையுடைய நாடு பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களையுடைய நாட்டோடு சரிநிகராய் நின்றது.

நான்காண்டுகள் கழிந்து பாரிஸ் விழா வந்தது. 1924 யூலை 6ஆம் நாள் நடைபெற்ற ஈட்டி எறிதலில் மியூரா 62.96 மீற்றர் எறிந்து மீண்டும் வென்றார். அன்ற்வேர்ப்பில் எறிந்ததிலும் இது ஏறத்தாழ மூன்று மீற்றர் குறைவு. இரண்டாம் இடம் பெற்ற சுவீடன் வீரர் குன்னார் லின்ட்ஸ்ரோம் 60.92 மீற்றரும், மூன்றாமவராகிய அமெரிக்கர் யூஜீன் ஓபேர்ஸ்ட் 58.35 மீற்றரும் எறிந்தனர். மியூராவுக்கு முப்பத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. முன்போல் எறிய முடியாத நாளிலும் மற்றவர் எல்லோரிலும் மேலாக எறிந்தார் என்பதே இவ்வெற்றியின் சிறப்பு. எமது கணிப்பில் அவருடைய இரு வெற்றிகளுள் பாரிஸ் வெற்றியே அருமையானது. ஈட்டி எறிதலில் அடுத்தடுத்து இரு முறை ஒலிம்பிக் வெற்றி பெற்றவர் அதுவரை லெம்மிங் ஒருவரே. மியூரா இரண்டாமவர். மூன்றாவது ஆடவரைக் காண உலகம் 1996ஆம் ஆண்டு வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள், காத்திருந்தது. அவ்வாண்டு தம் இரண்டாவது வெற்றியைப் பெற்ற அவர் மேலே கூறிய செலெஸ்னியே.

ஆயினும் பாரிஸிற் பேசப்பட்டது மியூராவைப் பற்றியன்று. யூலை 10ஆம் நாள் நூர்மி 1500 மீற்றர் ஓட்டத்தை வென்று, ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளியில் 5000 மீற்றர் ஓட்டத்தையும் வென்றார். அவ்விழாவில் அவர் பெற்ற பொற்பதக்கங்கள் ஐந்து. வில்லே ரித்தோலா பெற்றவை நான்கு. இத்தகைய பெருவெள்ளத்தில் ஈட்டி எறிந்தவரின் ஒற்றைப் பதக்கம் கண்ணுக்குத் தெரியாமற் போனதில் வியப்பில்லை.

விழா முடிந்தது. மியூரா தம் நாட்டுக்கு மீளவில்லை. அவர் அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். ஊரில் அவருக்குக் கடன் இருந்தது. கடன் கொடுத்தோரை எதிர்கொள்ள இயலாமையே அவர் செலவுக்குக் காரணம். உலகின் தலைசிறந்த ஈட்டி வீரர், தம் நாட்டுக் கொடியை இருமுறை ஏற்றுவித்தவர், கடனுக்கு அஞ்சிக் கடல் கடந்தார்.

இவ்விடத்தில் அக்காலத்து விதியொன்றை நினைவுகூர்தல் வேண்டும். ஒலிம்பிக் விழாவிற் பங்குபற்றுவோர் விளையாட்டினாற் பொருளீட்டுதல் அன்று முற்றாகத் தடுக்கப்பட்டிருந்தது. 1912இல் இரு பொற்பதக்கம் பெற்ற அமெரிக்கர் ஜிம் தோர்ப், முன்னர்ப் பந்தாட்டத்திற் சிறு கூலி பெற்றார் என்பதற்காக மறு ஆண்டிலேயே பதக்கங்களை இழந்தார். நூர்மியே பயணச் செலவில் மிகுதியாகப் பெற்றார் என்னும் குற்றச்சாட்டில் 1932ஆம் ஆண்டு விழாவிலிருந்து விலக்கப்பட்டார். ஆகவே மியூராவின் கழுத்திலும் கையிலும் இருந்த புகழ் ஒரு கடனைத் தீர்க்கவும் உதவத்தக்கதன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்ட விதி என்று அதனைக் கண்டித்தோர் அன்றும் இருந்தனர். அவ்விதி பின்னாளிற் கைவிடப்பட்டது.

இதனாற் கடன்பட்டவர் மறைந்து செல்வது தகும் என யாம் கூறவில்லை. கடன் கொடுத்தவனும் உழைத்துச் சேர்த்தவனே. அவனுக்கும் மனைவி மக்கள் உண்டு. வெற்றி வீரனை நம்பிக் கொடுத்தவன் அவ்வெற்றிச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்திருப்பான், வழிபார்த்தும் இருந்திருப்பான். ஈட்டியெறிவதில் இவ்வளவு துணிவுடைய ஒருவர் அவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. களத்தில் வேண்டும் துணிவும் கடன்காரனின் வாயிலில் வேண்டும் துணிவும் ஒன்றல்ல போலும். இக்குறையை எடுத்துக் கூறுவதால் மியூராவின் இரு பதக்கங்களின் ஒளி குன்றிவிடும் என்றும் யாம் கருதவில்லை. இரண்டும் ஒரே மனிதருடையவை.

பாரிஸ் வெற்றி கிடைத்த மூன்று மாதங்களில், 1924 ஒக்டோபர் 12ஆம் நாள், அங்கே அவரிடம் தோற்ற லின்ட்ஸ்ரோம் சுவீடனின் எக்ஷோ நகரில் 66.62 மீற்றர் எறிந்தார். மியூரா ஐந்தாண்டுகள் தம்வசம் வைத்திருந்த உலக சாதனை அரை மீற்றருக்குச் சிறிது மிகுதியான வேறுபாட்டாற் கைமாறியது.

இனி மூன்றாவது இழப்பைச் சொல்வோம். மியூரா அமெரிக்காவிலும் ஈட்டியைக் கைவிடவில்லை. 1925ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் 68 மீற்றரையும் தாண்டி எறிந்தார். முப்பத்து மூன்று வயதில், பிறந்த மண்ணுக்குப் பல்லாயிரம் மைல் அப்பால், தம் வாழ்நாளிலேயே மிகத் தொலைவாக எறிந்த எறி அது. லின்ட்ஸ்ரோமின் சாதனையை அது நன்றாகவே கடந்தது. ஆனால் உலக சாதனையாக அது ஏற்கப்படவில்லை. 1914, 1915ஆம் ஆண்டுகளில் நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது. ஏட்டின்படி லின்ட்ஸ்ரோமின் சாதனையை முறியடித்தவர் 1927ஆம் ஆண்டு வீபூரி நகரில் 69.88 மீற்றர் எறிந்த எய்னோ பெந்தில்லா. அவரும் பின்லாந்தியரே. ஆகவே சாதனைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு மியூரா என்பவர் 1919இல் ஒருநாள் தோன்றி 1924இல் மறைந்தவராகவே தெரிவார். பதினொரு ஆண்டுகள் உலகின் முன்னணியில் நின்றவர் என்பது தெரியாது. எமது நூலகங்களிலுள்ள விளையாட்டு ஏடுகளைப் புரட்டும் மாணவர், பட்டியலுக்கு வெளியேயும் சிறிது தேடிப் பார்ப்பது நன்று.

பின்லாந்தின் ஈட்டிப் புகழ் அவருக்குப் பின்னும் குன்றவில்லை. 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் மத்தி யார்வினன் 72.71 மீற்றர் எறிந்து வென்றார். அங்கும் முதல் மூன்று இடங்களும் பின்லாந்தியர்க்கே கிடைத்தன. 1948இல் இலண்டனில் வென்றவர் தாப்பியோ ரவுத்தவாரா. பாடகரும் திரைப்பட நடிகருமான அவர் வென்ற அதே விழாவிற்றான் எமது நாட்டு டங்கன் வைற் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1964, 1984, 1988ஆம் ஆண்டுகளிலும் பின்லாந்தியர் வென்றனர். இன்றுவரை ஈட்டி எறிதலில் ஒலிம்பிக் பொன் பெற்ற பின்லாந்து ஆடவருள் இரண்டு பெற்றவர் மியூரா ஒருவரே.

ஹெல்சிங்கி நகர ஒலிம்பிக் மைதானத்தின் அருகே வெண்ணிறக் கோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. அதன் உயரம் 72.71 மீற்றர். யார்வினன் லொஸ் ஏஞ்சலிசில் எறிந்த தூரமே அது. ஒரு மனிதனின் கைவீச்சை நெடுக்காய் நிமிர்த்திக் கல்லிற் கட்டி வைத்த நாடு பின்லாந்து. 1952ஆம் ஆண்டு அம்மைதானத்தில் ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலிற் பங்குபற்றினார். அக்கோபுர நிழலில் எம்மவர் ஒருவரும் ஓடிப் பாய்ந்தார் என்பது எமக்குப் பெருமையே. விழாவின் தொடக்க நாளில் மழை பெய்தது. ஐம்பத்தைந்து வயதினராகிய நூர்மி சுடரேந்தி ஓடிவந்து மைதானத்துப் பாத்திரத்தில் தீ மூட்டினார். கோபுரத்து உச்சியில் மூட்டியவர் கொலேமைனன். கொடியில்லாத காலத்து வீரரும் கொடி பெற்ற காலத்து வீரரும் ஒரே நாளிற் போற்றப்பட்டனர். அந்த இருவரோடும் ஒரே அணியில் அன்ற்வேர்ப்புக்குச் சென்று வென்றவர் மியூரா. அவர் அப்போது அறுபது வயதை எட்டியிருந்தார். சுடரேந்தியோர் வரிசையில் அவர் இல்லை.

யொன்னி மியூரா 1955ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், தமது அறுபத்து மூன்றாவது வயதிற் காலமானார். அவர் இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டின் முன், அதே கலிபோர்னியாவில், 1953ஆம் ஆண்டு, பட் ஹெல்ட் என்னும் அமெரிக்கர் 80.41 மீற்றர் எறிந்து, உலகில் முதன்முதலாக 80 மீற்றர் எல்லையைக் கடந்திருந்தார்.